செம்பின் கோடு 8048-இல் ஏன் நிற்கிறது? உலோகங்களின் எக்ஸ்ரே நிறமாலையில் கணக்கும் அளவீடும்

சென்னையில் தங்கசாலைத் தெருவிலோ என்.எஸ்.சி. போஸ் சாலையிலோ பழைய நகையை மாற்றப் போனவர்கள் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நகையை உள்ளே வைத்து மூடியைச் சாத்துவார்கள், கொஞ்ச நேரத்தில் திரையில் தங்கம் இத்தனை சதவீதம், வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று வந்துவிடும். உரைகல்லில் தேய்த்து டச் பார்த்த வேலையை இப்போது எக்ஸ்ரே செய்கிறது. கடைக்காரரும் நாமும் பார்ப்பது சதவீதத்தை. ஆனால் அந்தச் சதவீதம் ஒரு வரைபடத்திலிருந்து வருகிறது, அதில் அங்கங்கே ஊசி மாதிரி முகடுகள் நிற்கும்: செம்புக்கு 8048 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒன்று, துத்தநாகத்துக்கு 8639-இல் ஒன்று, தங்கத்துக்கு 9713-இல் ஒன்று. எந்த ஊர்ச் செம்பாக இருந்தாலும், எந்தக் காலத்துக் குடத்தை உருக்கியதாக இருந்தாலும் முகடு அதே இடத்தில்தான்.

ஏன் அந்த இடம்? பேப்பரும் பேனாவும் வைத்து அந்த எண்ணை முன்கூட்டியே சொல்ல முடியுமா? சொன்னால் எவ்வளவு ஒத்துப்போகும்? இதுதான் இந்தக் கட்டுரை. ஒத்துப்போகாத மிச்சத்தைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் கல்லூரிப் பாடத்தில் ஒரு சூத்திரத்தைக் கொடுத்து, "இது சோதனையோடு நன்றாகப் பொருந்துகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், உண்மையில் இயற்பியல் இருப்பதே அந்த மிச்சத்தில்தான்.

அடிப்படை முதலில். அணுவின் நடுவே கரு, அதைச் சுற்றி அடுக்கடுக்காக எலக்ட்ரான்கள். கருவுக்கு மிக அருகில் உள்ள அடுக்குக்கு கே கூடு என்று பெயர், அடுத்தது எல், அதற்கடுத்தது எம். வெளியிலிருந்து வலுவான எக்ஸ்ரேயோ வேகமான எலக்ட்ரானோ வந்து மோதி கே கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் துரத்திவிட்டால் அங்கே ஓர் இடம் காலியாகிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் கொருக்குப்பேட்டையில் இறங்கினால் என்ன நடக்கும்? பக்கத்தில் இருப்பவர் ஜன்னலுக்கு நகர்வார், அவர் விட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவர் உட்காருவார், மற்றவர்களும் கொஞ்சம் தளர்ந்து சரிந்து உட்கார்ந்துகொள்வார்கள். அணுவுக்குள்ளும் இதேதான். எல் கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் கே கூட்டுக்கு இறங்கும், இரண்டு நிலைக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் ஒரு எக்ஸ்ரே ஃபோட்டானாக வெளியே வரும். அதுதான் கே-ஆல்ஃபா கோடு. எம் கூட்டிலிருந்து கே கூட்டுக்கு இறங்கினால் கே-பீட்டா. காலி இடம் எல் கூட்டில் விழுந்து, எம்மிலிருந்து நிரம்பினால் எல்-ஆல்ஃபா. நகைக்கடைப் பெட்டி காட்டும் தங்கத்தின் 9713 இந்தக் கடைசி வகை. தங்கத்தின் கே கூட்டைத் திறக்க 80,000 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அந்தச் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு சக்தி கிடையாது. மற்றவர்கள் "தளர்ந்து உட்காருவது" என்றேன் அல்லவா, அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலை அளக்கும் ஒரு சின்ன அலகு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் ஒரு ஃபோட்டானுக்கு 2 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். செம்பின் கே-ஆல்ஃபா அதைவிடச் சில ஆயிரம் மடங்கு, அவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது கணக்கு. 1913-இல் நீல்ஸ் போர் ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு மாதிரி கொடுத்தார். அதே வருடம் மான்செஸ்டரில் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் கால்சியத்திலிருந்து துத்தநாகம் வரைக்கும் தனிமங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் எக்ஸ்ரே கோடுகளைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார். துத்தநாகத்துக்கு அவர் வைத்தது பித்தளையை. நம் வீட்டுக் குத்துவிளக்கின் அதே உலோகம்தான், செம்பும் துத்தநாகமும் கலந்தது, ஆகவே தகட்டில் இரண்டின் கோடுகளும் சேர்ந்தே விழுந்தன. கோடுகளின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் அது தனிமத்தின் வரிசை எண்ணோடு, அதாவது அணு எண்ணோடு, ஒரே சீராக ஏறுவதை அவர் கண்டார். அணு எடைப்படி பார்த்தால் நிக்கல் முன்னாலும் கோபால்ட் பின்னாலும் வர வேண்டும். மோஸ்லியின் கோடுகள் கோபால்ட் 27, நிக்கல் 28 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டன. அடுத்த வருடம் அவர் வரிசையைத் தங்கம் வரை நீட்டியபோது, 43, 61, 75 ஆகிய எண்களுக்கு உரிய தனிமங்கள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதும் அந்த வரிசையில் இருந்த ஓட்டைகளிலிருந்து தெரிந்தது. இவ்வளவையும் செய்தவர் 1915-இல் கலிப்போலி போரில் 27 வயதில் இறந்துபோனார். அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

போர் மாதிரியையும் மோஸ்லியின் கண்டுபிடிப்பையும் சேர்த்தால் கிடைக்கும் சூத்திரம் சின்னது. கே-ஆல்ஃபா ஆற்றல் = 10.204 × (அணு எண் − 1)². இந்த 10.204 எங்கிருந்து வந்தது? ஹைட்ரஜனின் 13.606 எலக்ட்ரான் வோல்ட்டில் முக்கால் பங்கு, அதாவது இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு இறங்கும்போது கிடைப்பது. ஒன்றைக் கழிப்பது ஏன் என்றால், கே கூட்டில் மிச்சமிருக்கும் இன்னோர் எலக்ட்ரான் கருவின் ஒரு மின்சுமையை மறைத்துவிடுகிறது என்று சொல்வார்கள். இந்த விளக்கம் பாதிதான் உண்மை. எல் கூட்டில் இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் கூட மறைப்பில் பங்கு எடுக்கிறார்கள், எல்லாம் கூடிக் கழிந்து தோராயமாக ஒன்று என்று விழுகிறது, அவ்வளவுதான்.

சரி, போட்டுப் பார்ப்போம். செம்பின் அணு எண் 29. 28-இன் வர்க்கம் 784, அதை 10.204-ஆல் பெருக்கினால் 8000. அளந்தால் கிடைப்பது 8047.8. வித்தியாசம் 48, அதாவது 0.6 சதவீதம். இரும்புக்கு (26) கணக்கு 6378, அளவீடு 6404, வித்தியாசம் 0.4 சதவீதம். ஒரே வரிச் சூத்திரத்துக்கு இது அபாரம் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கேயே நின்றால் பாடப்புத்தகம் சொல்வது சரி.

ஆனால் நிற்கக் கூடாது. வெள்ளிக்கு (47) கணக்கு 21,592, அளவீடு 22,163, வித்தியாசம் 2.6 சதவீதம். தங்கத்துக்கு (79) கணக்கு 62,081, அளவீடு 68,804. கிட்டத்தட்ட 10 சதவீதம்! 6,700 எலக்ட்ரான் வோல்ட் எங்கேயோ காணாமல் போயிருக்கிறது. அப்படியானால் லேசான தனிமங்களுக்கு வித்தியாசம் குறைந்துகொண்டே போகுமா? அலுமினியத்தைப் (13) பாருங்கள்: கணக்கு 1469, அளவீடு 1487, வித்தியாசம் 1.2 சதவீதம். இரும்பைவிட அதிகம்! கால்சியத்துக்கு (20) 3684-க்கு 3692, வெறும் 0.2 சதவீதம். அதாவது வித்தியாசம் லேசான பக்கத்திலும் பெரிதாக இருக்கிறது, கனமான பக்கத்திலும் பெரிதாக இருக்கிறது, நடுவில்தான் மிகக் குறைவு.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். கணக்கையும் அளவீட்டையும் ஒப்பிடும்போது ஓர் உலோகத்தை மட்டும் எடுத்து "ஒத்துப்போகிறது" அல்லது "ஒத்துப்போகவில்லை" என்று சொன்னால் ஒன்றும் தெரியாது. வரிசையாகப் பல உலோகங்களை எடுத்து, வித்தியாசம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும், அந்த மாற்றத்தின் போக்கு நம் கணக்கில் எது விட்டுப்போனது என்று காட்டிக்கொடுக்கும். இங்கே இரண்டு முனையிலும் வெவ்வேறு காரணங்கள். லேசான முனையில் பிரச்சினை அந்த "ஒன்று". அலுமினியம் மாதிரி சின்ன அணுவில் 13-இல் ஒன்றைக் கழிப்பதா, கொஞ்சம் குறைவாகக் கழிப்பதா என்பது முடிவை நன்றாகவே மாற்றும். 79-இல் அந்தச் சின்னப் பிழை கரைந்துவிடும். அப்படியென்றால் தங்கத்தின் 10 சதவீதம் மறைப்பினால் வந்ததல்ல, வேறு ஏதோ இருக்கிறது.

அது ஐன்ஸ்டைனின் சார்பியல். உள்கூட்டு எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் எவ்வளவு பங்கு என்பதை அணு எண்ணை 137-ஆல் வகுத்துத் தோராயமாகச் சொல்லலாம். அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செம்பில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கத்தில் 79/137, பாதிக்கும் மேல்! அவ்வளவு வேகத்தில் போகும் எலக்ட்ரானுக்குப் பழைய இயக்கவியல் செல்லாது, அது இன்னும் இறுக்கமாகக் கருவோடு கட்டுண்டு கிடக்கும், ஆகவே கே கூடு இன்னும் ஆழமாகிறது, கோட்டின் ஆற்றல் கூடுகிறது. காணாமல் போன 6,700-இல் பெரும்பகுதி இதுதான்.

இதற்கு இன்னும் நேரான சாட்சி ஒன்று உண்டு. நல்ல கருவியில் பார்த்தால் கே-ஆல்ஃபா ஒற்றைக் கோடல்ல, இரட்டை. செம்பில் 8047.8-இல் ஒன்று, 8027.8-இல் இன்னொன்று, இடைவெளி 20. மோஸ்லி-போர் சூத்திரத்தில் இந்த இடைவெளிக்கு இடமே இல்லை. வெள்ளியில் இந்த இடைவெளி 173, தங்கத்தில் சுமார் 1,814. அணு எண் இரண்டு மூன்று மடங்கு கூடும்போது இது தொண்ணூறு மடங்கு பெருகியிருக்கிறது! கிட்டத்தட்ட அணு எண்ணின் நான்காம் அடுக்கு. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று 1925-இல் முன்வைக்கப்படுவதற்கு முன்பே, 1916 வாக்கில் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சார்பியலை வைத்து இந்த நான்காம் அடுக்கை வரவழைத்துவிட்டார். 1928-இல் டிராக்கின் சமன்பாடு வந்தபிறகு காரணம் தெளிவானது: எல் கூட்டில் இருக்கும் பி வகை எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதையும் ஒரே திசையில் சேரும்போது ஓர் ஆற்றல், எதிரெதிராக இருக்கும்போது இன்னோர் ஆற்றல். ஒரு வகையில் 4 இடம், மற்றதில் 2 இடம். ஆகவே ஒரு கோடு மற்றதைப்போல் இரண்டு மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. செம்பில் அளந்தாலும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றுதான் வருகிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும், இடமும் பொருந்துகிறது, பிரகாசமும் பொருந்துகிறது, இரண்டுக்கும் ஒரே காரணம்.

இன்றைய கணக்குகள் இதைவிட வெகுதூரம் போய்விட்டன. செம்பில் 29 எலக்ட்ரான்கள், ஒவ்வொன்றும் மற்ற 28-ஐயும் தள்ளுகிறது, இதைப் பேப்பரில் தீர்க்க முடியாது. கணினியில், ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றவர்களின் சராசரிப் புலத்தில் நகர்வதாக வைத்து, விடை மாறாமல் நிலைக்கும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். டிராக் சமன்பாட்டோடு சேர்த்துச் செய்தால் அதற்கு டிராக்-ஃபாக் முறை என்று பெயர். இங்கேதான் அந்தத் தளர்ந்து உட்காரும் விஷயம் வருகிறது. முழு அணுவின் நிலைகளைக் கணக்கிட்டு அவற்றின் வித்தியாசத்தை எடுத்தால் விடை தவறாக வரும், ஏனென்றால் கே கூட்டில் ஓர் இடம் காலியான உடனே மற்ற எல்லோரும் உள்ளே இழுபட்டு மறுசீரமைப்பு ஆகிவிடுகிறார்கள். சரியான வழி, கேயில் ஓட்டை உள்ள அயனியின் மொத்த ஆற்றலைத் தனியாகவும், எல்லில் ஓட்டை உள்ள அயனியின் மொத்த ஆற்றலைத் தனியாகவும் கணக்கிட்டு இரண்டையும் கழிப்பது. அப்புறம் எலக்ட்ரான்களுக்குள் காந்த இழுபறி ஒரு திருத்தம், வெற்றிடத்தோடு எலக்ட்ரான் கொள்ளும் உறவால் குவாண்டம் மின்னியக்கவியல் தரும் ஒரு திருத்தம். கடைசித் திருத்தம் செம்பில் சின்னது. ஒரே ஓர் எலக்ட்ரான் மட்டும் மிச்சமிருக்கும் யுரேனியத்தில் அது, கருவின் பருமனால் வரும் பங்கையும் சேர்த்து, சுமார் 460 எலக்ட்ரான் வோல்ட், அளந்தும் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவும் சேர்த்தபின் செம்பின் விடை அளவீட்டுக்கு ஓரிரு எலக்ட்ரான் வோல்ட் அளவில் வந்து நிற்கும். 48-இல் தொடங்கினோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அளவீடு மட்டும் பிழையில்லாததா? நகைக்கடைப் பெட்டியில் இருக்கும் சிலிக்கான் கண்டறிவானால் 130 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு நெருங்கிய இரண்டு கோடுகளைப் பிரிக்க முடியாது, செம்பின் இரட்டைக் கோடு அதற்கு ஒற்றை மேடுதான். ஒப்பிடுவதற்கு வேண்டிய நுணுக்கம் படிகத்தில் கிடைக்கும். படிகத்தின் அணு அடுக்குகளில் பட்டு எக்ஸ்ரே குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமே திரும்பும், இதை பிராக் விதி என்பார்கள். லித்தியம் ஃபுளோரைடு படிகத்தில் செம்பின் கோடு ஏறத்தாழ 45 டிகிரி திரும்பி வரும். கோணத்தை அளந்து, படிக அடுக்குகளின் இடைவெளி தெரிந்தால், அலைநீளம் கிடைத்துவிடும்.

அந்த "இடைவெளி தெரிந்தால்" என்பதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் இடைவெளியை உப்பின் அடர்த்தி, மூலக்கூறு எடை, அவகாட்ரோ எண் இவற்றை வைத்துக் கணக்கிட்டார்கள். அவகாட்ரோ எண்ணுக்கு எலக்ட்ரானின் மின்சுமை வேண்டும், அது மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனையிலிருந்து வந்தது. 1925-க்குப் பிறகு காம்ப்டனும் டோனும் காட்டிய வழியில், கோடு கிழித்த கண்ணாடித் தகட்டில் எக்ஸ்ரேயை மிகச் சாய்வாக விழவைத்துப் படிகமே இல்லாமல் அலைநீளத்தை நேராக அளக்க முடிந்தது. பார்த்தால் இரண்டு முறைகளுக்கும் 0.2 சதவீதம் வித்தியாசம். சின்னதுதானே என்று யாரும் விட்டுவிடவில்லை. கடைசியில் தேடிப் பிடித்தது எதை என்றால், மில்லிகன் பயன்படுத்திய காற்றின் பாகுநிலை மதிப்பு தவறு, அதனால் எலக்ட்ரானின் மின்சுமை 0.6 சதவீதம் குறைவாக இருந்தது! கனஅளவிலிருந்து இடைவெளிக்கு வரும்போது கனமூலம் எடுப்பதால் 0.6 மூன்றில் ஒன்றாகி 0.2 ஆகத் தெரிந்தது. உலோகத்தின் எக்ஸ்ரே கோட்டை ஒழுங்காக அளக்கப் போய், காற்றைப் பற்றிய ஒரு பிழை வெளியே வந்திருக்கிறது.

அடுத்த கேள்வி கொஞ்சம் நுட்பமானது: நாம் ஒப்பிடும் இரண்டும் ஒரே பொருள்தானா? கணக்கு தனித்து மிதக்கும் ஓர் அணுவுக்கு. சோதனையில் இருப்பதோ ஒரு துண்டு உலோகம், கோடிக்கணக்கான அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் கட்டி. ஆனாலும் கே-ஆல்ஃபா ஒத்துப்போவதற்குக் காரணம், உள்கூடுகளுக்குப் பக்கத்து அணுவைப் பற்றி அதிகம் தெரியாது. சுற்றுப்புறத்தால் வரும் மாற்றம் கே நிலையையும் எல் நிலையையும் ஏறத்தாழ ஒரே அளவு நகர்த்துகிறது, வித்தியாசம் எடுக்கும்போது அது அடிபட்டுப்போகிறது. அலுமினியத்தை ஆக்சைடாக மாற்றினாலும் அதன் கே-ஆல்ஃபா அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் நகரும். வெளிக்கூட்டிலிருந்து இறங்கும் கோடுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அலுமினியத்தின் வெளி எலக்ட்ரான்கள் எல் கூட்டின் ஓட்டைக்கு இறங்கும்போது, தனி அணுவாக இருந்தால் மெல்லிய கோடு வரவேண்டும், உலோகத்தில் வருவதோ 73 எலக்ட்ரான் வோல்ட்டில் செங்குத்தாக வெட்டி நின்று, கீழ்ப்பக்கம் 11 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குப் பரந்து கிடக்கும் ஒரு பட்டை. அந்த எலக்ட்ரான்கள் இப்போது எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை, கட்டி முழுக்கப் பொது. அதை அணுக் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு "கணக்கு தவறு" என்று சொன்னால் அது நியாயமே இல்லை.

செம்பின் கே-ஆல்ஃபாவிலேயே இன்னொரு சிக்கல். முகட்டின் இடத்தை எலக்ட்ரான் வோல்ட்டில் நூறில் ஒரு பங்குக்கும் நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள், ஆனால் கோட்டின் அகலமே 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். கே ஓட்டை ஒரு ஃபெம்டோ நொடிக்கும் (நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) குறைவாகத்தான் தாங்கும், வாழ்நாள் குறைந்தால் கோடு அகலமாகும். அதோடு கோடு சமச்சீராகவும் இல்லை, குறைந்த ஆற்றல் பக்கம் சரிந்திருக்கிறது. முதல் எலக்ட்ரான் துரத்தப்படும்போதே சில அணுக்களில் வெளிப்பக்கத்து 3டி எலக்ட்ரான் ஒன்றும் சேர்ந்து உதறப்படுகிறது, அந்த அணுக்கள் விடும் கோடு கொஞ்சம் தள்ளி விழுகிறது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நமக்கு ஒரே மேடாகத் தெரிகிறது. கணக்கு சொல்வது ஒரு தனிக் கோட்டின் ஆற்றலை, நாம் அளப்பதோ பல கோடுகள் கூடிய மேட்டின் உச்சியை. ஓர் எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குச் சண்டை போடும்போது இதையெல்லாம் சரிபார்க்காமல் பேசவே கூடாது.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்து விவகாரம் என்று நினைத்தால், நம் பக்கத்துப் பழைய உலோக வியாபாரத்தைப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தரம் பிரிக்கத் துப்பாக்கி மாதிரியான எக்ஸ்ரே கருவியை வைத்துச் சுடுகிறார்கள். 304 ஸ்டீலா, 2-3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ஸ்டீலா என்பதில் விலையே மாறும். மாலிப்டினத்தின் கோடு தள்ளி நிற்பதால் அதில் குழப்பமில்லை. குழப்பம் மாங்கனீஸில். அதன் கே-ஆல்ஃபா 5899-இல், குரோமியத்தின் கே-பீட்டா 5947-இல், இடைவெளி 48 மட்டும், கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்டீலில் குரோமியம் 18 சதவீதம் வாக்கில் இருக்கும், மாங்கனீஸ் 2 சதவீதத்துக்குள். குரோமியத்தின் கே-பீட்டா அதன் கே-ஆல்ஃபாவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பிரகாசம் என்ற விகிதம் துல்லியமாகத் தெரிந்தால்தான் அதைக் கழித்து மீதியை மாங்கனீஸ் என்று சொல்ல முடியும். அந்த விகிதத்துக்கும் கணக்கு உண்டு, அளவீடு உண்டு, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பொறுத்துத்தான் திரையில் வரும் மாங்கனீஸ் சதவீதத்தை நம்பலாமா என்பது.

கால்குலேட்டர் கையில் இருந்தால் மூன்று உலோகங்களை நீங்களே போட்டுப் பாருங்கள். மாலிப்டினம் 42, வெள்ளீயம் 50, டங்ஸ்டன் 74. அளந்த கே-ஆல்ஃபா மதிப்புகள் முறையே 17,479, 25,271, 59,318. சூத்திரத்தின் விடையைக் கழித்து, சதவீதமாக்கி, மேலே கொடுத்த அலுமினியம், கால்சியம், இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் சதவீதங்களோடு ஒரு கிராஃப் தாளில் குறித்தால், சார்பியல் எந்த அணு எண் வாக்கில் தலைகாட்டத் தொடங்குகிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.